குடியை நிறுத்தியது யார்? ‘நான்’ மாயை என்றால் விடுதலை யாருக்கு?

கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுவே முதல்முறை.

எனக்கு வயது 47. பத்தொன்பது ஆண்டுகள் குடித்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை. வருகிற மாசி வந்தால் குடியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

விடுவதற்கு முன்பு நான் செய்யாத சத்தியம் இல்லை. மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நான்கு நாள்கூட நிற்கவில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தேன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நின்றேன். அந்த 48 நாள்கள் குடிக்காமல் இருந்தவன் யார், அன்று மாலை கடைக்குப் போனவன் யார் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கடைசியில் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். மூன்றாம் நாள் இரவு சுவர் முழுக்க எறும்புகள் ஊர்வதாகத் தெரிந்தது. நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய இயக்கம் அது. அதன் பன்னிரண்டு படிகளில் முதல் படியே, மதுவின் முன் எனக்குச் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்வது. பத்தொன்பது ஆண்டுகளாக ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக் குடித்தவன், ‘என்னால் முடியாது’ என்று சொன்ன பிறகு குடிக்கவில்லை.

போன மாதம் ஒரு சொற்பொழிவு கேட்டேன். ‘நான்’ என்று உள்ளே ஒருவரும் இல்லை, மூளை முன்பே முடிவு செய்துவிடுகிறது, நாம் முடிவு செய்வதாக நினைப்பது மாயை என்றார் பேசியவர். கேட்டதும் பெரிய நிம்மதி வந்தது. அப்படியானால் குடித்ததும் நான் இல்லை, வீட்டில் நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை. அந்த நிம்மதியை அனுபவித்துக்கொண்டே வீட்டுக்கு வரும்போது உடம்பு குளிர்ந்துவிட்டது. அந்த நிம்மதி எனக்குப் பழக்கமானது. முதல் மிடறு உள்ளே இறங்கும்போது வருவது அதுதான்.

படித்தவர்கள் சொல்லுங்கள். குடியை நிறுத்தியது யார்?

—

சுழியம் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வி நேர்மையானது. நேராகவே பதில் சொல்கிறேன்: யாரும் நிறுத்தவில்லை. நின்றது.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1739இல் ஒரு சோதனையைச் சொன்னார். கண்ணை மூடி உங்களுக்குள் ‘நான்’ என்பதைத் தேடிப் பாருங்கள். சூடு, குளிர், வலி, ஒரு நினைவு, ஒரு ஆசை என்று ஏதேனும் ஒன்று அகப்படும். இவற்றையெல்லாம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் அகப்படவே மாட்டார். எண்ணங்களின் கட்டு ஒன்று இருக்கிறது, கட்டியவர் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசா இன்னும் உங்களுக்கு நெருக்கமாக வருகிறார். வீசி எறியப்பட்ட கல்லுக்கு நடுவழியில் அறிவு வந்தால், தானாகவே விரும்பிப் பறப்பதாக நினைத்துக்கொள்ளும் என்றார். தன் முதன்மை நூலில் குடிகாரனையே உதாரணமாகக் காட்டுகிறார். போதை தெளிந்த பிறகு, ‘இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே’ என்று வருந்தும் சொற்களை, சொல்லும் நேரத்தில் தன் சுய விருப்பத்தால் சொல்வதாகவே அவன் நம்புகிறான். நம் செயலை அறிகிறோம், அதன் காரணங்களை அறிவதில்லை. அந்த அறியாமைக்கு நாம் வைத்த பெயர்தான் சுதந்திரம்.

1983இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் இதைச் சோதனைக்கூடத்திலேயே காட்டினார். நாம் முடிவு செய்வதற்கு ஏழு வினாடிகள் முன்பே மூளை முடிவு செய்துவிடுகிறது.

உங்கள் அப்பா குடித்திருக்கலாம். நண்பர்கள், வேலை, வழியில் இருந்த கடை என்று எத்தனையோ காரணங்கள் குவிந்து குடித்தீர்கள். மையம், மருந்து, கூட்டம் என்று வேறு காரணங்கள் குவிந்து நின்றுவிட்டது. மழை பெய்ததற்கும் நின்றதற்கும் யாரையும் நாம் குற்றம் சொல்வதில்லை. அப்படிப் பார்த்தால் உங்களை நீங்களே வெறுக்காமல் வாழலாம்.

—

அலைவரி எழுதியது:

சுழியம் அவர்களே, ஒரு திருத்தம். நான் நரம்பியல் பிரிவில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கும் பணியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இது என் அன்றாடத் தொழில் என்பதால் விடமுடியவில்லை.

ஏழு வினாடிக் கணக்கு லிபெட்டுடையது இல்லை. அது 2008இல் ஜெர்மனியில், மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் செய்த வேறு சோதனை. இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஏழு முதல் பத்து வினாடிகள் முன்பே மூளையின் பதிவிலிருந்து ஊகித்தார்கள். ஆனால் அந்த ஊகம் சரியாக வந்தது ஏறத்தாழ 60 விழுக்காடுதான். காசு சுண்டினாலே 50 வரும்.

லிபெட் செய்தது இது. ஒரு புள்ளி 2.56 வினாடிக்கு ஒருமுறை வட்டமாகச் சுற்றும் கடிகாரத்தின் முன் ஆளை உட்கார வைத்தார். ‘உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசையுங்கள், தோன்றிய நொடியில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லுங்கள்’ என்றார். அசைவுக்கு அரை வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்துக்கு முன்பே மூளையில் ஒரு மெல்லிய அலை எழத் தொடங்கியது. ‘தோன்றியது’ என்று அவர்கள் சொன்ன நேரமோ, அசைவுக்கு ஐந்தில் ஒரு வினாடி முன்பு. அலை முன்னால், எண்ணம் பின்னால் என்பது இதிலிருந்து வந்த பேச்சு.

அந்த அலையை நான் சொல்கிறபடி கற்பனை செய்து பாருங்கள். நோயாளியின் தலைமுடியை விலக்கி, பசை தடவி, இருபதுக்கு மேற்பட்ட மின்முனைகளை ஒட்டுவோம். அவர் ஒருமுறை கண் இமைத்தால் தாளில் மலைபோல் கோடு எழும். லிபெட் பேசிய அலை அதன் முன் எறும்பு. ஒரே ஒரு அசைவில் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. நாற்பது அசைவுகளின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால்தான் அது தலைகாட்டும். 2012இல் ஆரன் ஷூர்கர் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். மூளையில் இயல்பாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் சலசலப்பு தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது என்று வைத்துக்கொண்டால், பின்னோக்கிச் சராசரி எடுக்கும்போது இதே வடிவம் வந்துவிடுமே? அப்படியானால் அந்த அலை ‘மூளை முன்பே எடுத்த முடிவு’ ஆகாது. எடுக்கப்படாத முடிவின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

லிபெட்டேகூடச் சுய விருப்பம் இல்லை என்று சொல்லவில்லை. எழுந்த தூண்டலைக் கடைசி நொடியில் தடுக்கும் ஆற்றல் நமக்கு இருக்கிறது என்றே அவர் நம்பினார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று. காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பதும், பத்தொன்பது ஆண்டுக் குடியை விடுவதும் ஒரே இனத்துச் செயல்களா? கரையோரம் ஐயா ஒரு நொடியில் விடவில்லை. வாரக்கணக்கில் கூட்டத்துக்குப் போய், பழைய வழியை மாற்றி நடந்து, கையில் காசு வைத்துக்கொள்ளாமல் இருந்து விட்டிருப்பார். அதை அளக்க எந்தக் கடிகாரத்தின் முன் உட்கார வைப்பது?

—

திருவெண்ணெய்நல்லூரான் எழுதியது:

அன்புள்ள தம்பி கரையோரத்துக்கு,

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

‘நான் இல்லை’ என்ற வாதம் நமக்குப் புதியது அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் முழுவதையும் இதற்காகவே ஒதுக்கினார். ‘இலது என்றலின்’ என்பது அவர் தரும் முதல் காரணம். உடம்பு ஆன்மா இல்லை, புலன் இல்லை, மனம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ‘ஆன்மாவே இல்லை’ என்று சொல்கிறதே ஓர் அறிவு, அந்த அறிவு உளது. அதுவே ஆன்மா என்கிறார். அடுத்து, ‘எனது உடல்’ என்கிறோம். உடைமையைச் சொன்னால் உடையவன் வேறாக வேண்டும். கண் ஓசையை அறியாது, செவி ஒளியை அறியாது. ஐந்தையும் அறிவது எது? இப்படியே போகிறது.

எனக்கு உயிரான காரணம் அதே சூத்திரத்தில் பின்னால் வருகிறது: ‘உணர்த்த உணர்தலின்’. ஆன்மா தானே எல்லாம் அறிவதன்று, அறிவித்தால் அறிவது. அதனால் அது கடவுளும் இல்லை, கல்லும் இல்லை. நடுவே நிற்பது.

சைவ சித்தாந்தம் உயிரைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ உடையது என்று சொல்லும். பளிங்கு தன் அருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல. கடையைச் சார்ந்தபோது நீங்கள் கடையின் நிறமானீர்கள். கூட்டத்தைச் சார்ந்தபோது அதன் நிறமாகிறீர்கள். எதையும் சாராமல் தனித்து நிற்கும் ஆற்றல் உயிருக்கு இல்லை என்பது எங்கள் கொள்கை. சுதந்திரன் இறைவன் ஒருவனே. ஆகவே நீங்கள் ‘என்னால் முடியாது’ என்று சொன்னபோது தோற்றதாக நினைக்காதீர்கள். உயிரின் இலக்கணத்தைச் சொன்னீர்கள். நாற்பது ஆண்டுகளாக நான் பாடமாகச் சொன்னதை நீங்கள் உடம்பால் அறிந்திருக்கிறீர்கள்.

எட்டாம் சூத்திரத்தில் ஓர் அரசகுமாரன் வருகிறான். ஐம்புலன்களாகிய வேடர்களிடையே வளர்ந்து, தன்னையும் வேடனாகவே நினைத்திருக்கிறான். ‘நீ அவர்களில் ஒருவன் அல்லன்’ என்று குரு வந்து உணர்த்துகிறார்; அவன் அவர்களை விட்டுப் போகிறான். கட்டை அறுத்தது யார் என்று கேட்டால், உணர்த்தியவரும் வேண்டும், உணர்ந்தவனும் வேண்டும் என்பேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவன் காட்டிலேயே கிடந்திருப்பான்.

—

வெண்தாமரை எழுதியது:

ஐயாவின் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

‘எனது உடல்’ என்று சொல்வதால் உடல் வேறு, நான் வேறு என்றால், ‘எனது உயிர்’ என்றும் ‘என் ஆன்மா’ என்றும்தான் சொல்கிறோம். அதற்கு உடையவன் யார்? அவனையும் ‘என்’ என்று சொல்லத் தொடங்கினால் இது முடியுமா? மொழியில் ஒரு வேற்றுமை உருபு இருப்பதால் உலகத்தில் ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதை நினைத்துப் பார்க்கிறேன். ‘நீங்கள் தேரில் வந்தீர்களே, அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா?’ எதுவும் இல்லை. இவை தவிர வேறாக ஒரு தேர் உண்டா? அதுவும் இல்லை. ஆனாலும் அரசன் தேரில்தான் வந்தான். ‘தேர்’ என்பது பொய் இல்லை. சேர்க்கைக்கு வைத்த பெயர். ‘நான்’ என்பதும் அப்படியே. ஆகவே மாயை என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. அது தேரையே மறுப்பதுபோல் இருக்கிறது.

இது எனக்கு ஏட்டு விவகாரம் இல்லை. என் பாட்டன் ஒரு கண்மாய்க் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர். ‘உன் முன்வினை, இந்தப் பிறப்பு’ என்றே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அழியாத ஓர் ஆன்மா வினை மூட்டையைச் சுமந்துகொண்டு பிறவிதோறும் வருகிறது என்றால், இழிவும் அவன் சம்பாதித்தது என்றாகிவிடுகிறது. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதையும், அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதையும் இந்த வலியோடுதான் நான் வாசிக்கிறேன். அம்பேத்கர் ஆன்மாவை ஏற்கவில்லை. அதே அம்பேத்கர் 1954இல் வானொலியில் பேசும்போது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களில் தன் தத்துவம் அடங்கும் என்றார். அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். ஆன்மா இல்லாமல் சுதந்திரம் எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நிலையான ஒரு ‘நான்’ இல்லை என்பதால்தான் யாரும் பிறந்தபடியே கிடக்க வேண்டியதில்லை.

கரையோரம் தோழர், மணிமேகலையின் கடைசிக் காதையில் பன்னிரு சார்புகள் வருகின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது. கடை கண்ணில் படுகிறது, மணம் வருகிறது, உடம்பில் ஒரு துடிப்பு எழுகிறது. இதுவரை உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அந்தத் துடிப்பை உணர்வதாகிய நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் மட்டும் ஒரு கண்ணி தளர்வாக இருக்கிறது. தியானம் கற்றுத் தருபவர்கள் அந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள். நீங்கள் அந்த இடத்தில் நின்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

—

ஆனைமலை எழுதியது:

நான் அதிகம் படித்தவள் இல்லை. என் கணவர் குடித்தார். இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

மேலே இருப்பதையெல்லாம் நிதானமாகப் படித்தேன். ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் கணவர் மறுநாள் காலையில் சொல்வார்: ‘நேற்று நான் நானாக இல்லை.’ சில நாள் ‘என்னை அறியாமல் கை நீண்டுவிட்டது’ என்பார். நீங்கள் பெரிய பெரிய பெயர்களைச் சொல்லி எழுதுகிற தத்துவத்தை நான் இருபத்திரண்டு ஆண்டுகள் காலைக் காப்பியோடு கேட்டிருக்கிறேன். அடித்தது அவர் இல்லை. குடித்தவர் அடித்தார். குடித்தவர் காலையில் இல்லை. அப்படியானால் நான் யாரை மன்னிப்பது? மன்னிப்பதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும். கடைசிவரை அந்த ஆள் என் முன்னால் வரவே இல்லை. ‘நான் அடித்தேன்’ என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும், நான் மன்னித்திருப்பேன். இப்போதும் அதற்காகத்தான் அழுகிறேன்.

மழை பெய்ததற்கு யாரையும் குற்றம் சொல்வதில்லை என்று சுழியம் தம்பி எழுதியிருக்கிறார். மழை என் முகத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்லித் திட்டியதில்லை, தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நான்’ என்பதை விடு, அகந்தையை அறு என்று எல்லாச் சாமியார்களும் சொல்கிறார்கள். எனக்கு விடுவதற்கு ஒரு ‘நான்’ எப்போது இருந்தது? பிறந்த வீட்டில் இன்னார் மகள், வந்த வீட்டில் இன்னார் பெண்டாட்டி, பிறகு இன்னார் அம்மா. நாற்பத்து நான்கு வயதில் சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்ட அன்று, வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று கிடைத்ததை மாயை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

—

கரையோரம் எழுதியது:

அக்கா, ‘நான் நானாக இல்லை’ என்பதை அப்படியே, அதே வார்த்தைகளில் நானும் சொல்லியிருக்கிறேன். இன்று இதற்குமேல் எழுத முடியவில்லை.

—

சுழியம் எழுதியது:

அலைவரி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். இரண்டு சோதனைகளைக் குழப்பிவிட்டேன். மழை உவமைக்காக ஆனைமலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதை எழுதும்போது குடித்தவரின் வேதனையை மட்டும் நினைத்திருந்தேன்.

ஆனாலும் என் அடிப்படை நிலையிலிருந்து மாறவில்லை. காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஒரு செயலுக்குக் காரணம் காட்டுவதும், அதற்கு மன்னிப்பு வழங்குவதும் வேறு வேறு என்பதை நான் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இந்த இடத்தில் திணறியிருக்கிறார். தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், ‘ஒரே ஆள்’ என்பதற்கு ஓர் இயலைப் புதிதாகச் சேர்த்தார். எதுவரை என் நினைவு எட்டுகிறதோ அதுவரை நான் என்பது அவர் அளவுகோல். உடனே ஒரு கேள்வியையும் அவரே எழுப்புகிறார்: போதையில் செய்தது எதுவும் நினைவில் இல்லாதவனை, தெளிந்த பிறகு ஏன் தண்டிக்கிறோம்? நினைவில்லை என்று அவன் சொல்வது உண்மையா பொய்யா என்று நீதிமன்றத்தால் அறிய முடியாது, அதனால் தண்டிக்கிறது என்பதுதான் அவர் கண்ட பதில். இத்தனை ஆண்டுகள் இதைப் படித்திருக்கிறேன். ஆனைமலை அம்மாவின் பதிவைப் படித்த பிறகுதான் லாக்கின் பதிலில் அடிபட்டவர் எங்குமே இல்லை என்பது எனக்குத் தெரிகிறது.

—

வெண்தாமரை எழுதியது:

ஆனைமலை அம்மாவுக்கு ஒரு சிறு பதில் மட்டும். நாகசேனரிடம் மிலிந்தனும் ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் கேட்டான். இன்று இருப்பவன் நாளை இல்லை என்றால் வினைக்குப் பொறுப்பு யார்? அவர் ஒரு மாங்காய்த் திருடனைக் காட்டினார். ‘இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய், ஆகவே நான் திருடவில்லை’ என்கிறான் அவன். விடுவாயா என்று கேட்டார். விடமாட்டேன் என்றான் அரசன். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது. ‘நேற்றைய நான் வேறு’ என்று சொல்லித் தப்பிக்கும் வழியைப் புத்த சங்கம் அன்றே அடைத்துவிட்டது. என் முந்தைய பதிவில் இதைச் சொல்லாமல் விட்டது பிழை.

—

திருவெண்ணெய்நல்லூரான் எழுதியது:

வெண்தாமரை எழுப்பிய தடை வலுவானது. வேற்றுமை உருபை வைத்து உயிரை நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வினைக்கொள்கையைச் சொல்லி ஒரு மனிதரைக் கண்மாய்க் கரையில் உட்கார வைத்தது பாவம். அதைச் சைவத்தின் பெயரால் செய்திருந்தாலும் பாவமே.

இரண்டு நாள்களாக ஆனைமலை அம்மாவின் பதிவிலேயே மனம் நிற்கிறது. இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

தமிழில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். ‘எனக்குக் கோபம் வந்தது’, ‘எனக்குத் தோன்றியது’, ‘எனக்கு நினைவிருக்கிறது’. இவற்றிலெல்லாம் ‘நான்’ எழுவாயாக இல்லை. கோபம் வருகிறது, நான் அது வந்து தங்கும் திண்ணை. ஹ்யூமும் நாகசேனரும் சொல்வது இந்த ‘எனக்கு’ வாக்கியங்களில் முழுக்க உண்மை. உள்ளே யாரும் அமர்ந்து கோபத்தை வரவழைப்பதில்லை.

ஆனால் ‘வந்தேன்’, ‘அடித்தேன்’, ‘குடித்தேன்’ என்ற வினைமுற்றுகளைப் பாருங்கள். எழுவாயை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். வினையின் வாலில் ‘ஏன்’ என்ற விகுதி ஒட்டிக்கொண்டு, யார் என்று சொல்லிவிடும். இந்த ‘ஏன்’ செயலுக்கு முன்னால் நிற்பதில்லை, கடைசியில் வருகிறது. ‘கை நீண்டுவிட்டது’ என்று அந்தக் கணவர் சொன்னபோது விகுதி கைக்குப் போய்விட்டது. அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது இந்த ஒரு விகுதிக்காக.

‘வீடு’ என்ற சொல்லும் நினைவுக்கு வருகிறது. விடு என்ற பகுதியே முதல் நீண்டு வீடு ஆனது. கெடு, கேடு ஆனதுபோல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் சொல்வோம். பிறவியை விடுவதும் வீடு, மாலையில் திரும்பிப் போகும் இடமும் வீடு. இரண்டுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். தம்பி கரையோரம் எதை விட்டார், விட்டதும் எங்கே திரும்பினார் என்று பார்த்தால், கேட்ட மாணவர்களை மறுபடி கூப்பிட்டுப் பேச வேண்டும்போல் இருக்கிறது.

—

அலைவரி எழுதியது:

ஐயாவின் பதிவுக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கரையோரம் ஐயாவுக்கு இது உதவலாம்.

கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துவிடும் சிகிச்சை ஒன்று இருந்தது. அப்படி அறுக்கப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவருக்குப் பேசும் இடப்பாதிக்கு மட்டும் கோழிக்காலையும், பேசாத வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னார்கள். வலது கை கோழியைத் தொட்டது. இடது கை மண்வாரியைத் தொட்டது, பனியை அள்ளுவதற்கு. ஏன் மண்வாரி என்று கேட்டபோது, பனியைப் பார்த்தே இராத இடப்பாதி ஒரு கணமும் தயங்காமல் பதில் சொன்னது: கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே!

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். நம் எல்லோருக்குள்ளும் இப்படி உடனுக்குடன் காரணம் தைத்துக் கொடுக்கும் பகுதி ஒன்று இருக்கிறது என்பது கசானிகாவின் முடிவு. எனக்கு இதில் பயம் தருவது அதன் வேகம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல அதற்கு வருவதில்லை.

ஆகவே குடித்த நாள்களைப் பற்றி உங்கள் உள்ளம் தரும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், ஐயா. மிகுந்த போதையில் மூளை புதிய நினைவுகளைப் பதிவதே நின்றுபோவது உண்டு. ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார். காலையில் அந்த நேரம் வெறும் வெள்ளைத்தாள். அந்த வெள்ளைத்தாளில் உங்கள் இடப்பாதி ஏதாவது எழுதி வைத்திருக்கும்.

—

ஆனைமலை எழுதியது:

தம்பி கரையோரம், உங்கள் வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? உங்களுக்கு நினைவில்லாதது அவர்களுக்கு நினைவிருக்கும். நாள், நேரம், உடுத்தியிருந்த புடவை வரைக்கும் நினைவிருக்கும். கேளுங்கள். கேட்கும்போது நடுவில் பேசாதீர்கள்.

—

கரையோரம் எழுதியது:

பதினொரு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அக்கா சொன்னதை உடனே செய்யத் துணிவு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தனி வகுப்புக்குப் போன பிறகு, மனைவியிடம் உட்கார்ந்தேன். ‘குடித்த நாள்களில் நான் உன்னை அடித்தேன். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. நீ சொல்’ என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘தெரியாது என்றால் எப்படி அடித்தேன் என்று சொல்கிறீர்கள்?’ என்று கேட்டாள்.

இந்த இழையில் நான் முதலில் கேட்டதும் அதே கேள்விதான் என்று அப்போது உறைத்தது. எனக்கு நினைவில்லை, உள்ளே தேடிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. சுழியம் சொன்னபடி ஒரு கட்டு இருக்கிறது, அதிலும் பாதியைக் காணோம். ஆனால் காணாமற்போன பாதி இல்லாமற்போகவில்லை. என் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. ‘உனக்கு நினைவிருக்கிறது. அது போதும். செய்தது நான்’ என்றேன்.

ஐயா, வெண்தாமரை தோழர், உங்கள் இருவருக்குமிடையே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடை வாசலைக் கடக்கும்போது அந்தத் துடிப்பு இன்னும் எழுகிறது. அது எனக்கு வருவது, நான் வரவழைப்பதில்லை என்று இப்போது தெரிகிறது. வரும், நிற்கும், போகும். முன்பு அது வந்ததும் நான்தான் அது என்று நினைத்துக் கூடவே நடந்தேன். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்திருப்பது நாலடி தூரம்தான். கூட்டத்தில் கற்றுக்கொடுத்தபடி ஒரு நண்பருக்குப் போன் செய்ய அந்த நாலடி போதுமானதாக இருக்கிறது. குடியை நிறுத்தியது யார் என்ற கேள்வியை இனி அப்படிக் கேட்கப் போவதில்லை. குடித்தது நான் என்பதைச் சொல்லி முடிக்கவே எனக்கு இன்னும் நிறைய நாள்கள் வேண்டும்.

அவள் அன்று நான்கு சம்பவங்களைச் சொன்னாள். நான் நடுவில் பேசவில்லை. ஒன்று என் மகளின் ஐந்தாம் பிறந்தநாள். அன்று நான் வீட்டில் இல்லவே இல்லை என்று இத்தனை ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தேன். வேலை விஷயமாகத் திருச்சிக்குப் போயிருந்ததாக ஒரு முழுக் கதையே என்னிடம் இருந்தது. அலைவரி அம்மா, கோழிக்கூண்டு.

நான்கையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் ‘தேன்’ என்று முடித்திருக்கிறேன். எழுதியதை அவள் வாங்கிப் பார்த்து, இரண்டு இடங்களில் தேதியைத் திருத்தினாள். ஐந்தாவது ஒன்று இருக்கிறதாம். அதைப் பொங்கல் கழித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.